பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

(நம் அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே முழுமையாகத் தரப்படுகிறது.)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, தம்பிமார்களே!

செம்மேட்டிலிருந்தும் சோளக்காட்டிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். மூடுபனி இறங்கும் முன் வீடு திரும்ப வேண்டும் என்ற கவலை தாய்மார்களுக்கு இருக்கும். மஃரிபுக்குள் முடித்துவிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ஜகாத் கணக்கு, படிப்பு உதவி, மருத்துவ உதவி பற்றிப் பேசுவோம். இன்று ஒரே ஒரு விஷயம்தான். இனிமேல் நம் அறக்கட்டளையின் சார்பில் பிள்ளைகளோடும் முதியவர்களோடும் நோயாளிகளோடும் பழகி வேலை செய்கிற எவரையும், விசாரிக்காமல் சேர்ப்பதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத், டியூஷன் எடுக்கும் ஆசிரியை, வேன் ஓட்டுநர், சமையல்காரர், படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள நாம் அனுப்பும் உதவியாளர், எல்லோருக்கும் இது பொருந்தும். காவல்துறைச் சரிபார்ப்பும் அதில் அடக்கம்.

இந்தச் செய்தி பரவியதும் சிலருக்கு மனவருத்தம். "ஹஜ்ரத்தைக்கூடவா போலீஸ் விசாரிக்கணும்?" என்று ஒரு பெரியவர் எங்களிடம் நேரிலேயே கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம்மில் பாதிப் பேர் மிளகு வியாபாரம் செய்கிறவர்கள். ஒரு மூட்டை மிளகு வந்தால் என்ன செய்கிறோம்? கையை உள்ளே விட்டு அளைகிறோம். ஈரம் இருக்கிறதா என்று பல்லில் கடித்துப் பார்க்கிறோம். பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்க்கிறோம். மிளகு கொண்டு வந்தவர் நம் சொந்தக்காரராக இருந்தாலும் இதைச் செய்கிறோம். அவரும் கோபப்படுவதில்லை.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். அவர் ஊர் ஜமாஅத்திலிருந்து கடிதம் கேட்கிறோம். ராசிபுரத்தில் ஒருவரிடம், நாமக்கல்லில் ஒருவரிடம், அவர் வேலை செய்யும் இடத்தில் ஒருவரிடம் விசாரிக்கிறோம். ஹஜ்ஜுக்குப் போக பாஸ்போர்ட் எடுக்கிறோம். காவல் நிலையத்திலிருந்து விசாரிக்கிறார்கள். ஹாஜியாரை விசாரிக்கலாமா என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை.

மிளகுக்கு விசாரணை உண்டு. மாப்பிள்ளைக்கு உண்டு. ஹாஜியாருக்கு உண்டு. ஆறு வயதுப் பிள்ளையை தினமும் ஒன்றரை மணி நேரம் ஒருவர் கையில் விடுகிறோமே, அவரைப் பற்றி மட்டும் ஏன் ஒன்றுமே கேட்பதில்லை?

இதை உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. முதல் குற்றவாளிகள் நாங்கள்தான். அதை இந்தச் சபையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கூட்டத்தையே கூட்டினோம்.

சில வருடங்களுக்கு முன் மக்தபுக்கு உஸ்தாத் கிடைக்காமல் தவித்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இந்த மலைக்கு வந்து, இங்குள்ள குளிரில் தங்கி, நாம் கொடுக்கும் சம்பளத்துக்கு ஓதிக்கொடுக்க யார் வருவார்கள்? அப்போது ஒருவர் வந்தார். அழகான கிராஅத். பணிவான பேச்சு. நாங்கள் அவர் முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் செய்தோம். செய்யாமல் இல்லை. "ஆள் எப்படிங்க?" என்று கேட்டோம். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கிராஅத் நல்லா இருக்கும்" என்றார்கள். நாங்கள் கேட்டது ஆளைப் பற்றி. அவர்கள் சொன்னது குரலைப் பற்றி. அந்த வித்தியாசம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆள் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

நான்காவது மாதம் ஒரு தாய் வந்தார். "பையன் ஓதப் போக மாட்டேங்கிறான், என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். "பிள்ளைகளுக்குச் சோம்பல்தான், அதட்டி அனுப்புங்க" என்று நாங்கள் அனுப்பிவிட்டோம். அடுத்த வாரம் அவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். பிரம்பின் தழும்பு. ஒன்றிரண்டு இல்லை.

அந்த உஸ்தாதைக் கூப்பிட்டோம். மாதச் சம்பளத்தைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்து, "வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டோம். யாருக்கும் சொல்லவில்லை. மக்தபின் பெயர் கெடும் என்று நினைத்தோம். பிறகு அவருடைய பழைய இடத்தில் விசாரித்தபோது, அங்கேயும் இதே காரணத்துக்காகத்தான் அனுப்பினார்கள் என்று தெரிந்தது. "ஒரு மனுஷர் பொழைப்பைக் கெடுக்கக் கூடாதுன்னு சொல்லலை" என்றார்கள். எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

சகோதரர்களே, இனி சொல்வதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மூன்றாவது ஓர் ஊரிலிருந்து எங்களுக்குப் போன் வந்தது. அதே ஆளைப் பற்றி. "உங்களிடம் இருந்தாராமே, ஆள் எப்படிங்க?" என்று கேட்டார்கள். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "கிராஅத் நல்லா இருக்கும்" என்றோம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்த ஊருக்கு மறுபடி போன் செய்து நடந்ததைச் சொன்னோம். ஒரு நாள் தாமதம்தான். அந்த அம்மா மட்டும் சட்டையைத் தூக்கிக் காட்டாமல் இருந்திருந்தால் அந்தத் தாமதம் எத்தனை வருடமாக ஆகியிருக்கும்?

அந்தப் பையன் இப்போது கீழே கல்லூரியில் படிக்கிறான். அவனிடமும் அவன் தாயாரிடமும் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறோம். பெருநாள் தொழுகைக்கு வருவான். முன் ஸஃப்பில் இடம் இருந்தாலும் வர மாட்டான். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் நிற்பான். தொழுகை முடிந்ததும் முதலில் வெளியேறுவான்.

நம் மக்தபில் நடந்தது அடியோடு நின்றது. எல்லா இடத்திலும் அப்படி நிற்பதில்லை.

2024 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பர்கூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. என்.சி.சி. முகாம் நடத்துகிறோம் என்று ஒருவர் ஒரு குழுவோடு வந்தார். மாணவிகள் சில நாள் பள்ளியிலேயே இரவு தங்கினார்கள். அந்தப் பயிற்சியாளர் பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகவும், எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமியைப் பலாத்காரம் செய்ததாகவும் வழக்குப் பதிவானது. அவருக்கும் தங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று என்.சி.சி. அறிவித்தது. முகாமே போலி. வேறு பள்ளிகளிலும் அவர் இப்படி முகாம் நடத்தியிருக்கிறார் என்று விசாரணையில் தெரியவந்தது. பிள்ளை சொன்னதை வெளியே விடாமல் மறைக்கப் பார்த்தார்கள் என்று பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கு நடக்கும் முன்பே இறந்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வாழ வேண்டும்.

முகாம் தொடங்கும் முன் என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரு போன் போதுமாக இருந்தது. "இன்னார் உங்கள் ஆள்தானா?" என்ற ஒரே கேள்வி. காக்கி உடையையும் கம்பீரமான நடையையும் பார்த்து அந்தப் பள்ளிக்கூடம் நம்பியது. தாடியையும் தொப்பியையும் கிராஅத்தையும் பார்த்து நாங்கள் நம்பினோம். இரண்டும் ஒன்றுதான்.

பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. தன் நிலையைத் தானே சொல்ல முடியாத பெரியவர்களும் இருக்கிறார்கள். ஏர்வாடியை நம்மில் யார் மறக்க முடியும்? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவைச் சுற்றி இருந்த மனநலக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தார்கள்.

அந்தக் காப்பகத்துக்கு உரிமம் இல்லை. நடத்தியவர்களுக்கு மனநலப் பயிற்சி இல்லை. ஆனாலும் எத்தனையோ குடும்பங்கள் தம் வீட்டுப் பிள்ளையை, சகோதரியை, கணவரைக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். தர்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்ற நம்பிக்கை. அதன் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. நடத்தியவர்களுக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. புனிதமான இடத்தின் பெயர், உள்ளே வேலை செய்கிறவருக்குச் சான்றிதழ் ஆகாது என்று ஏர்வாடி நமக்குச் சொல்லிக்கொடுத்தது. 28 ஜனாஸா விழுந்த பிறகுதான் நமக்கு அது உறைத்தது.

இனி மார்க்கத்துக்கு வருவோம். நம் மனதில் உறுத்துவது அங்கேதான். ஒருவரைப் பற்றிக் கேட்பது துருவுதல் இல்லையா? நமக்குத் தெரிந்த குறையைச் சொல்வது புறம் இல்லையா? முஸ்லிமின் குறையை மறைக்கச் சொல்லியிருக்கிறார்களே? அந்த ஊர்க்காரர்களும் இதை நினைத்துத்தான் பேசாமல் இருந்தார்கள். நாங்களும் இதை நினைத்துத்தான் குரலை மட்டும் புகழ்ந்தோம்.

ஆனால் நம் உலமாக்கள் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இரண்டு பேர் பெண் கேட்டார்கள். அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நபியவர்கள் மழுப்பவில்லை. ஒருவரிடம் பொருள் இல்லை என்றும், இன்னொருவர் கை ஓங்குகிறவர் என்றும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி சொன்னார்கள். அந்த இருவரும் சஹாபாக்கள்தான். ஆலோசனை கேட்டு வந்தவருக்கு உண்மையைச் சொல்வது அமானிதம் என்பதற்கு இந்த ஹதீஸையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் ஆகாத ஆறு சந்தர்ப்பங்களை எண்ணிச் சொல்லும்போது, ஒருவரால் வரக்கூடிய தீங்கைப் பற்றி மக்களை எச்சரிப்பதையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இன்னொன்று தெரியும். ஹதீஸ் கலை நின்றதே விசாரணையில்தான். ஒரு ஹதீஸை ஒருவர் சொன்னால், அவர் யார், யாரிடம் கேட்டார், நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று நம் முன்னோர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் நிலையை எழுதி வைத்தார்கள். வணக்கசாலியாக இருந்தும், நினைவாற்றல் சரியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே, பலவீனமானவர்களை வெளிப்படுத்துவது மார்க்கக் கடமை என்று விளக்குகிறார்கள். நபியின் ஒரு வார்த்தையைச் சுமப்பவருக்கு அவ்வளவு விசாரணை என்றால், நபியின் உம்மத்தில் ஒரு சிறு பிள்ளையைச் சுமப்பவருக்கு எவ்வளவு வேண்டும்?

உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். ஒருவர் மற்றொருவருக்கு நற்சான்று சொல்ல வந்தார். உமர் (ரலி) மூன்று கேள்வி கேட்டார்கள். அவருடைய இரவு பகலை அறிந்த பக்கத்து வீட்டுக்காரரா நீர்? அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? அவரோடு பயணம் போயிருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றார். அப்படியானால் அவரை உமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். நம் அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்தில் இந்த மூன்று கேள்வியும் இருக்கும். நற்சான்று தருகிறவர் மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்று சொல்ல வேண்டும். "பள்ளியில் பார்த்திருக்கிறேன்" என்பது போதாது.

காவல்துறைச் சரிபார்ப்பு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்தக் காகிதம், பதிவான வழக்கைத்தான் சொல்லும். பதிவாகாததைச் சொல்லாது. நாங்கள் பேசாமல் அனுப்பிவைத்த உஸ்தாதுக்கு எந்தக் காவல் நிலையத்திலும் சுத்தமான சான்றுதான் கிடைக்கும். ஏனென்றால் நாங்கள் புகார் கொடுக்கவில்லை.

இங்கிலாந்தில் சோஹம் என்று ஒரு சிறிய ஊர். 2002 ஆகஸ்டில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியின் பராமரிப்பாளர், இயான் ஹண்ட்லி. வேலைக்குச் சேரும்போது அவரைப் பற்றிக் காவல்துறையில் சரிபார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. பிறகு விசாரித்தால், முன்பு இருந்த பகுதியில் அவர் மீது சிறுமிகள், பெண்கள் தொடர்பாகப் பல புகார்கள் வந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை. அந்தத் தகவல்களைச் சரியாகச் சேர்த்து வைக்கவும் இல்லை. அவருக்கு நிக்சன் என்று இன்னொரு பெயரும் இருந்தது. அந்த ஒரு பெயரில் மட்டும் தேடியிருக்கிறார்கள். 2004இல் வெளிவந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கை இதையெல்லாம் எடுத்துக் காட்டியது. அதன் விளைவாக 2006இல் தனிச் சட்டமே வந்தது. இன்று பிரிட்டனில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சோதனை வழக்கமாகிவிட்டது. பல மதரஸாக்களிலும் உஸ்தாதுகள் அந்தச் சான்றைக் கொடுத்துவிட்டுத்தான் பாடம் நடத்துகிறார்கள்.

பெயர் விஷயம் நமக்கும் பாடம். ஒரே ஆளுக்கு ஆதாரில் ஒரு பெயர், மதரஸா சனதில் ஒரு பெயர், ஊரில் கூப்பிடும் பெயர் ஒன்று. ஆகவே எல்லாப் பெயர்களையும், இருந்த எல்லா ஊர்களையும் எழுதிக் கேட்போம்.

இன்னொன்று. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், பிள்ளைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர். "மலைமேல் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்" என்று நாம் சொல்லிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2012ஆம் வருட போக்சோ சட்டத்தின் கீழ் 2020இல் வந்த விதிகளின்படி, பிள்ளைகளைத் தங்க வைக்கிற அல்லது பிள்ளைகளோடு தொடர்ந்து பழகுகிற எந்த நிறுவனமும், தன் பணியாளர் ஒவ்வொருவரையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் இல்லை. ஒருமுறை செய்தால் போதாது, அவ்வப்போது செய்ய வேண்டும். விடுதியோ இல்லமோ நடத்தினால் 2014ஆம் வருடத் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டும் இல்லை, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை இது. பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 2015ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். நாங்கள் அன்று கணக்குத் தீர்த்து அனுப்பியது எவ்வளவு பெரிய தவறு என்று இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

இனி நாங்கள் செய்யப்போவது:

1. பணிக்கு வருபவர் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாப் பெயர்களும், முன்பு இருந்த ஊர்களும், வேலை பார்த்த இடங்களும் அதில் இருக்க வேண்டும்.

2. முன்பு வேலை பார்த்த இடத்தின் எண்ணை நாங்களே தேடிப் பேசுவோம். அவர் கொடுக்கும் எண்ணில் மட்டும் பேச மாட்டோம். "ஏன் விலகினார்? பிள்ளைகளிடம் எப்படி இருந்தார்? மறுபடியும் அவரைச் சேர்த்துக்கொள்வீர்களா?" இந்த மூன்றையும் கேட்டு, பதிலை எழுதி வைப்போம். பதிலுக்குப் பதில் மௌனம் வந்தால் அதையும் எழுதுவோம்.

3. காவல்துறைச் சரிபார்ப்புக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணத்தை அறக்கட்டளை கொடுக்கும். தேவைப்பட்டால் எங்களில் ஒருவர் கூடவே போவார்.

4. யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. மக்தப் கதவு திறந்தே இருக்கும். வேனில் கடைசிப் பிள்ளை இறங்கும்வரை இன்னொரு பெரியவர் இருப்பார். பிரம்பு இருக்காது. நபி (ஸல்) அவர்களுக்குப் பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒருமுறைகூட "ச்சீ" என்று சொன்னதில்லை. பிரம்பு யாருடைய சுன்னத்?

5. பெண்கள் இருவரைப் பொறுப்பாக நியமிக்கிறோம். பிள்ளைகளும் தாய்மார்களும் அவர்களிடம் நேரே பேசலாம். அவர்கள் எங்களைக் கேட்காமலேயே 1098க்கு அழைக்கலாம். முதியோர் விஷயத்தில் 14567.

6. விசாரணைக் காகிதங்கள் பூட்டில் இருக்கும். அதில் உள்ளது கடைத்தெருப் பேச்சாகக் கூடாது. அப்படி ஆனால் அதுதான் புறம்.

செயலாளரும் நிர்வாகக் குழுவினரும் முதலில் விண்ணப்பித்துவிட்டோம். எங்கள் படிவங்களைப் பார்க்க விரும்புகிறவர் வந்து பார்க்கலாம்.

இரண்டு கவலைகளுக்குப் பதில் சொல்லி முடிக்கிறோம். "நம் பெயரைப் பார்த்தாலே காவல் நிலையத்தில் வேறு மாதிரி பார்க்கிறார்களே" என்று இளைஞர்கள் கேட்டார்கள். அந்த வலி இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். வெளி மாநிலத்திலிருந்து வரும் உஸ்தாதுகளுக்கு அது இன்னும் அதிகம். அதனால்தான் யாரையும் தனியாக அனுப்பப் போவதில்லை. அறக்கட்டளையின் கடிதத்தோடு, நம் ஆள் ஒருவரோடுதான் போவார்கள். பழைய வழக்கு ஒன்று இருக்கிறது என்பதற்காகவே யாரையும் தள்ளிவிடவும் மாட்டோம். சாலை மறியலில் பதிவான வழக்குக்கும் பிள்ளைகள் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. என்ன வழக்கு, என்ன முடிவு என்று அவரையே கூப்பிட்டுக் கேட்போம்.

இரண்டாவது, "இதனால் ஊரில் சந்தேகம்தான் வளரும்" என்கிறார்கள். விசாரிக்காத ஊரில்தான் வதந்தி வளரும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், கோயிலுக்கு வந்த ஒரு முதிய பெண்மணி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று கும்பல் அடித்தே கொன்றது. வாட்ஸ்அப்பில் வந்ததை யாரும் விசாரிக்கவில்லை. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்ற கருத்தில் ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது ஆயத்தில் அல்லாஹ் நமக்குச் சொல்லித் தருகிறான். விசாரணை, பிள்ளையையும் காப்பாற்றும், குற்றமற்ற மனிதரையும் காப்பாற்றும்.

தாய்மார்களே, அறக்கட்டளை செய்வதை உங்கள் வீட்டிலும் செய்யுங்கள். வீட்டுக்கு வரும் டியூஷன் ஆசிரியர், வேன்காரர், மகன் வெளிநாட்டில் இருக்கும்போது பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் ஆள், எல்லோரையும் பற்றி நாலு பேரிடம் கேளுங்கள். பிள்ளை "போக மாட்டேன்" என்று அழுதால் எங்களைப் போல் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து என்னவென்று கேளுங்கள். உங்களிடம் யாராவது ஒருவரைப் பற்றி விசாரித்தால், தெரிந்த உண்மையைச் சொல்லிவிடுங்கள். மிகைப்படுத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

அந்தத் தம்பிக்கும் அவன் தாயாருக்கும் அறக்கட்டளையின் சார்பில் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பெருநாளுக்கு அவன் முன் ஸஃப்பில் வந்து நின்றால், எங்கள் மனதில் இருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும். வராவிட்டால் அவன் மீது குறை இல்லை.

அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் நல்ல கூட்டத்தில் அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. நாம் மறைத்த தவறுகளை மன்னித்து, திருத்திக்கொள்ளும் தைரியத்தைத் தருவானாக. நம் பிள்ளைகளையும் முதியவர்களையும் எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.

படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. போகும்போது ஒன்று எடுத்துப் போய்ப் படித்துப் பாருங்கள். குறை இருந்தால் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.